ஜூன் முப்பதுக்குள் கொடுத்துவிடு

சரவணா,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது, குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். குக்கர் அடுப்பிலேயே இல்லை. நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் அந்தப் பொய். ஐந்து நாளாக அந்தக் கேள்வியோடுதான் நடமாடுகிறேன். இன்று வெள்ளிக்கிழமை. ஆபீசில் சாப்பாட்டு இடைவேளை, எல்லோரும் வெளியே போயிருக்கிறார்கள். என் மேஜையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கியிருக்கிறேன். தமிழில்தான் எழுதுகிறேன். பள்ளியில் நீ படித்தது மலையாளம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்துக்கு அதுவும் நல்லதுதான். இதை நீ மெதுவாகவே வாசிக்க வேண்டும்.

நீ சொன்னதை நான் சரியாக வாங்கிக்கொண்டேனா என்று பார். கோயம்புத்தூரில் அந்த மில்லின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு நீ உதவி மேனேஜராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இருபத்திரண்டு வயதில் உனக்கென்று ஒரு மேஜை, ஒரு நாற்காலி, பூட்டு வைத்த ஒரு டிராயர். பதினான்கு பேரில் ஆறு பேரை விட்டுவிட்டு வேறு ஆறு பேரை எடுத்து, அணியைப் புதிதாகக் கட்டப் போகிறீர்கள். பட்டியல் போடும் பொறுப்பு உனக்கு. ஆறு பேருக்கும் ரிலீஸ் லெட்டரில் மேனேஜர் கையெழுத்துப் போட்டு உன்னிடம் கொடுத்துவிட்டார். ஐந்தைக் கொடுத்துவிடலாம், ஆறாவது செல்வியுடையது. ஐந்து மாதக் கைக்குழந்தைக்காரி. அவள் உங்களுக்கு வேண்டாம், ஆனால் வேறு யாருக்கும் கிடைக்கவும் கூடாது. 'சார் சொல்றாரும்மா, அவ லெட்டர மட்டும் ஜூலை வரைக்கும் இழுத்தடின்னு. அந்தப் பக்கம் ஒரு டீம் அவளுக்காகக் காத்துட்டு இருக்கு. அங்க போனா நம்மளயே வந்து அடிப்பா. சின்ன வேலதான், டிராயர்ல கெடந்தாப் போதும். நீயா இருந்தா என்ன செய்வ?' என்று கேட்டாய்.

நான் என்ன செய்வேன் என்று கேட்டாய். என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை நீ உன் அணியில் இன்னும் சிலருக்கும் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கலாம். அதனால் உனக்குத் தெரிந்ததையும் ஒருமுறை எழுதிவிடுகிறேன். நம்மூர் கம்பெனி அணிகளில் ஆடும் பெண்ணுக்கு ஒரு வருடத்துக்கான தாள்தான் கையெழுத்தாகும். மே மாதக் கடைசியில் அது முடியும். ஜூன் முழுக்க வாசல் திறந்திருக்கும். அதற்குள் எந்த அணி கூப்பிட்டாலும் போய்ப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் பழைய அணி கொடுத்த ரிலீஸ் லெட்டர் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் ஜூலை பிறந்துவிட்டால், அந்த வருடம் முழுக்கப் பழைய இடத்திலேயே ஆட வேண்டும், இல்லையென்றால் வீட்டில் உட்கார வேண்டும். ஒரு தாள், ஒரு கையெழுத்து, ஒரு சீல். ஆட்டக்காரியின் ஒரு வருடம் அவ்வளவுதான்.

நீ பிறந்தபோது எனக்கு இருபது வயது. பி.காம். கடைசி வருடத்தை உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் முடித்தேன். கல்லூரி அணியில் பாயிண்ட் கார்டாக ஆடியவள் என்பதால் இங்கே மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த சேட்டு என்னைத் தன் கம்பெனி அணிக்கு எடுத்தார். பகலில் ஆபீசில் டைப்பிஸ்ட், மாலையில் பயிற்சி. உன் பிரசவத்துக்குப் பிறகு கல்லூரிக் களத்துக்குத் திரும்பி வந்த முதல் ஆறு மாதம் முழங்கால் இரண்டும் வேறு யாருடையதோ போல இருந்தது. பந்து வரும் இடம் கண்ணுக்குத் தெரியும், போய்ச் சேர முடியாது. ஏழாம் மாதம் ஒருநாள் தன்னால் போய்ச் சேர்ந்தேன். செல்வியைப் பட்டியலில் இருந்து எடுத்தவர்கள் யாரும் இந்த ஏழாம் மாதத்தை யோசித்திருக்க மாட்டார்கள். அது உங்கள் முடிவு, அதில் நான் தலையிடவில்லை. பட்டியல் போடுவது பாவம் என்று சொல்லவும் நான் இதை எழுதவில்லை. யாராவது போனால்தான் யாராவது வர முடியும்.

எங்கள் களம் உனக்கு மங்கலாக நினைவிருக்கலாம். குடோனுக்குப் பின்னால் சுக்கு காயப்போடும் சிமென்ட் முற்றம். இரண்டு பக்கமும் கம்பம் நட்டு வளையம் மாட்டியிருந்தார்கள். சீசன் வந்தால் பாதி முற்றத்தில் சுண்ணாம்பில் முக்கி எடுத்த சுக்கு பரந்து கிடக்கும். மீதிப் பாதியில்தான் எங்களுக்கு ஆட்டம். பந்து அந்தப் பக்கம் ஓடினால் சுக்கை மிதிக்காமல் விரல் நுனியில் போய் எடுத்து வர வேண்டும். சேட்டு வந்து நின்றால் முதலில் சுக்கைப் பார்ப்பார், அப்புறம்தான் எங்களைப் பார்ப்பார். ரீபவுண்டுக்குக் குதிக்கிறபோது தும்மல் வராத ஆட்டக்காரி எங்கள் அணியில் இல்லை. வருடத்தில் பாதி நாள் அரைக் களத்திலேயே பழகியதால் நின்று ஆடுவதில் கெட்டிக்காரிகள், ஓடி ஆடத் தெரியாதவர்கள். இரண்டு வருடம் தொடர்ந்து அரையிறுதியில், ஓடத் தெரிந்த அணிகளிடம் தோற்றோம்.

பௌலோஸ் சார்தான் எங்கள் கோச், மேனேஜர் எல்லாம். வெலிங்டன் தீவில் துறைமுக ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். குடையும் கையுமாக ஃபெர்ரியில் வந்து இறங்குவார். அந்த மே மாதம் என்னைப் படகுத்துறை ஜெட்டிக்குப் பக்கத்துச் சாயாக்கடைக்குக் கூப்பிட்டார். கேப்டன் நான், கடிதங்கள் டைப் செய்பவளும் நான். மிளகு சாம்பிள் அனுப்பும் சின்னக் காகிதக் கவர்கள் பதினான்கில் எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டு வந்திருந்தார். பெஞ்சின் மேல் பரப்பினார்.

'எடோ, ஈ டீமைப் பொளிச்சுப் பணியணும்' என்றார். இடித்துக் கட்ட வேண்டும் என்று அர்த்தம். 'சென்னைல ஒரு கம்பெனிக்கு ரெண்டு ஓட்டக்காரிகள் உண்டு. குதிரை மாதிரி. அவங்களுக்கு உயரம் இல்ல. நம்ம ரெண்டாம் சென்டரையும் ஒரு ஷூட்டரையும் குடுத்தா அந்த ரெண்டையும் தருவாங்க.'

'ரெண்டாம் சென்டரைக் குடுத்துட்டா, ரோசிலிக்கு ஒரு பனி, காய்ச்சல்னு வந்தா யாரு சார் நிப்பாங்க?'

'ரோசிலிக்கோ? பனிக்கே அவளைக் கண்டா பயமாணு' என்று சிரித்து, அவள் பெயர் எழுதிய கவரை எடுத்துப் பெஞ்சின் நடுவில் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் சாயா கிளாசை வைத்தார். 'இவ நடுவில. பாக்கி எல்லாம் இவளைச் சுத்தி.'

ஆறடிக்கு ஒரு விரல் குறைவு, ரோசிலி. ஆலப்புழைக்காரி. சாம்பிள் அறையில் வேலை, களத்தில் சென்டர், எனக்கு எல்லாம். எங்கள் அணியில் பாதிப் பேர் தமிழ்ப் பெண்கள் என்பதால் அவள் பேச்சும் பாதித் தமிழ் ஆகிவிட்டது. உனக்குக் காய்ச்சல் என்றால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு என் டைப்ரைட்டரில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டுவாள்.

ஜூன் முதல் வாரத்திலேயே மாற்றிக்கொண்டோம். எங்கள் இரண்டு பேர் அழுதுகொண்டே சென்னை ரயில் ஏறினார்கள். அங்கிருந்து இரண்டு பேர் அதே மாதிரி அழுத முகத்தோடு வந்து இறங்கினார்கள். பின்னால் நீ டிரேட், டிரேட் என்று ஆசையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த நான்கு முகங்கள்தான் வரும். இரண்டாம் வாரம் ரோசிலி ஒரு கடிதத்தோடு என்னிடம் வந்தாள். திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் இலாகா அணி அவளைக் கூப்பிட்டிருந்தது. ஒரு வருடம் ஆடினால் நிரந்தர வேலை. ஆனால் இருபத்தைந்து வயது முடிவதற்குள் அந்த அணியில் பதிவாகியிருக்க வேண்டும். அடுத்த ஜூனுக்குள் அவளுக்கு இருபத்தைந்து முடிந்துவிடும். இந்த ஜூன்தான், வேறு ஜூன் இல்லை.

நான் கொண்டுபோய்க் கொடுத்த அந்தக் கடிதத்தைப் பௌலோஸ் சார் இரண்டு முறை வாசித்தார். கட்டி வைத்த கணக்கு முழுக்க அந்த ஒரு கவரின் மேல்தான் நின்றது. பிறகு பேனாவை எடுத்து அவளுடைய ரிலீஸ் லெட்டரில் கையெழுத்துப் போட்டார். 'போட்டே, போகட்டும். அவளுடெ ஜீவிதமல்லே. நம்ம டீமை நம்ம எப்படியாவது பாக்கலாம்' என்று என்னிடம் தந்தார். 'சீல் வெச்சு இன்னைக்கே அவ கையில குடுத்தேக்கணும் கேட்டோ.' அன்று மாலையே கண் ஆபரேஷனுக்காகத் திருச்சூரில் மகள் வீட்டுக்குப் போனார். மூன்று வாரம் கழித்துத்தான் வந்தார்.

நான் சீல் வைத்தேன். டிராயரைத் திறந்து கார்பன் தாள்களுக்கு அடியில் வைத்து மூடினேன்.

ஏன் என்று பதினான்கு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கப்பு கொண்டு வந்தால் எல்லோரையும் பெர்மனன்ட் ஆக்குகிறேன் என்று சேட்டு அந்த வருடம் சொல்லியிருந்தார். உன் அப்பா அப்போது கார்ப்பரேஷனில் தெருவிளக்குப் பல்பு மாட்டும் தற்காலிக ஆள். ஏணியில் ஏறப் போகிறவர் என்றைக்கு 'நாளை முதல் வர வேண்டாம்' என்று கேட்டுத் திரும்புவாரோ என்று தினமும் பயந்துகொண்டிருப்பேன். உனக்கு வீசிங். மழை பிடித்தால் நெஞ்சு விசிலடிக்கும், நான் உன் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன். ரோசிலி இன்னும் ஒரு வருடம் இருந்தால் ஜெயிப்போம், ஜெயித்தால் எனக்கு நிரந்தர வேலை, அவளுக்கும் இங்கேயே நிரந்தர வேலை, எல்லோருக்கும் நல்லதுதானே. இப்படி ஒரு கணக்கு. பயந்த மனசு போடுகிற கணக்கில் மற்றவர்களுடைய நன்மை எப்போதும் கடைசி வரியில்தான் வரும், ஒரு சமாதானத்துக்காக.

ரோசிலி சாம்பிள் அறையில் இருந்து எட்டிப் பார்ப்பாள். 'எடி, சார் ஒப்பிட்டாரா? கையெழுத்துப் போட்டாச்சா?' 'இல்லடி. கண்ணுல கட்டோட இருக்கார். வந்துதான் போடுவாராம்.' இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்பாள். நானும் அதையே சொல்வேன். மூன்று தடவை கேட்டாள். நாலாவது தடவை கேட்கவில்லை. ஜூன் முப்பதாம் தேதி கொட்டுகிற மழையில், உனக்கென்று ஒரு பொட்டலம் உணக்கச் செம்மீன், காய்ந்த இறால், கொண்டு வந்து என் மேஜையில் வைத்தாள். 'சாருக்கு மனசில்ல. என்னை விடப் பிடிக்கல அந்த ஆளுக்கு. சாரமில்ல, பரவால்ல, போட்டே' என்றாள். அவள் முழங்கை என் டிராயர் மேல்தான் ஊன்றியிருந்தது. அப்போதாவது திறந்திருக்கலாம். அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணி வரை நேரம் இருந்தது, சரவணா.

சார் திரும்பி வந்ததும், 'இவ போயில்லே?' என்று என்னைத்தான் கேட்டார். 'நம்மள விட்டுப் போக மனசு வரலயாம் சார்' என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, ஆபரேஷன் செய்த கண்ணை வேறு துடைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ரோசிலியோ தன்னை நிறுத்தி வைத்தவர் அவர்தான் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்க்காமலே அந்த வருடம் முழுக்க ஆடினாள். பாயிண்ட் ஆடுபவளின் வேலையே பந்து யாரிடம் போக வேண்டும், யாரிடம் போகக் கூடாது என்று தீர்மானிப்பதுதான். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வார்த்தை போகாமல் ஒரு வருடம் பார்த்துக்கொண்டேன். நான் ஆடியதிலேயே திறமையான ஆட்டம் அதுதான்.

ஜெயித்தோமா என்று கேட்பாய். முதல் ஆறு மாதம் சென்னைக் குதிரைகள் ஓடும், பின்னால் யாரும் இருக்க மாட்டோம். அவர்கள் வளையத்துக்கு அடியில் தனியாக நின்று திரும்பிப் பார்ப்பார்கள். இது உன் வேலைக்கு ஆகும், மனதில் வைத்துக்கொள்: புது ஆட்களை எடுத்த அன்றைக்கே புது அணி கிடைத்துவிடாது. வந்தவர்களுக்கு இருப்பவர்களின் மூச்சு பழக வேண்டும், இருப்பவர்களுக்கும் அப்படியே. ஒரு போட்டியில் ஆடியதை வைத்து ஆளை எடுக்காதே. தோற்றுக்கொண்டிருக்கும்போது பாஸ் கொடுக்கிறாளா என்று பார்த்து எடு. எங்களுக்கு அந்தப் பழக்கம் வரத் தை மாதம் ஆனது. அப்புறம் பிரமாதமாக ஆடினோம். இறுதி ஆட்டத்தில் இரண்டு பாயிண்டில் தோற்றோம். அடுத்த ஜூனில் சேட்டின் மகன் பொறுப்புக்கு வந்தார். அவருக்கு சுக்கு போதும், பந்து வேண்டாம். பதினான்கு பேருக்கும் ஒரே தாளில் ரிலீஸ். டைப் அடித்தவள் நான். என் பெயரையும் நானே அடித்தேன். ஆனால் டைப்பிஸ்டாக என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நான் எந்த வேலைக்காகப் பயந்தேனோ அது எனக்குக் கிடைத்தது, கப்பு இல்லாமலே, ரோசிலி இல்லாமலே.

அவள் நாலைந்து வருடம் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கெஸ்ட் பிளேயராக ஆடினாள். முழங்கால் போனது. பிறகு ஆலப்புழையில் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர் ஆனாள். விசேஷங்களுக்குப் பார்த்துக்கொள்வோம். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, ஆனால் என் மேஜை மாறவில்லை. டிராயரும் அதேதான்.

உனக்குப் பதினான்கு பதினைந்து வயதில் அமெரிக்காவில் பெண்களுக்கு நடக்கும் லீக்கைக் கேபிளில் பார்க்க விடிகாலையில் எழுந்திருப்பாய். பிரவுசிங் சென்டருக்குப் போய், யார் எந்த அணிக்கு மாறினார்கள் என்று நோட்டில் எழுதி வருவாய். எனக்கு விளக்கிச் சொல்வாய். இரண்டு பேரைக் கொடுத்து ஒருத்தியை வாங்குவது, அடுத்த வருடம் புதிதாக வரப் போகும் பெண்ணை எடுக்கும் உரிமையையே விலையாகக் கொடுப்பது, இப்போது தோற்றாலும் பரவாயில்லை என்று இளம் பெண்களாக எடுத்துக் காத்திருப்பது. ஒருநாள் நான் கேட்டேன்: 'ஒப்பந்தம் முடிஞ்சவ போகணும்னா யாருகிட்ட லெட்டர் வாங்கணும்?' நீ சிரித்தாய். 'சில வருஷம் ஆடின ஆளுன்னா யாருகிட்டயும் வேண்டாம்மா. அதுக்குத்தான் ஃப்ரீ ஏஜென்ட்னு பேரு. அவளா கதவத் தொறந்துட்டுப் போவா.' நான் எழுந்து அடுக்களைக்குப் போனேன். அன்றைக்கும் ஏதோ ஒரு குக்கர்தான் சாக்கு என்று நினைக்கிறேன்.

இப்போது இந்த வாரத்துக்கு வருகிறேன். 'டிராயர்ல கெடந்தாப் போதும்' என்று நீ சொன்னாயே, அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. இதை உனக்கு எழுதுவதற்கு முன்னால் ரோசிலியிடம் சொல்லாமல் இருப்பது இன்னொரு திருட்டு என்று தோன்றியது. செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு ஆலப்புழை பஸ் ஏறினேன். பள்ளி மைதானத்தில் விசிலோடு நின்றிருந்தாள். ஓரத்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள். நான் பையில் இருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தேன். மடிப்பில் பழுத்து, கார்பன் நீலம் ஏறிய தாள். அவள் தேதியைப் பார்த்தாள். கையெழுத்தைப் பார்த்தாள். சீலைப் பார்த்தாள்.

'இது சாருடெ ஒப்பல்லே, சார் கையெழுத்து?'

'ஆமாம்டி.'

'அன்னைக்கே போட்டுட்டாரா?'

'அன்னைக்கே போட்டுட்டாருடி. நான்தான் குடுக்கல.'

எழுந்து போனாள். பெண்களை வரிசையில் நிறுத்தி ஓட விட்டாள். ஐந்து சுற்று, பத்து சுற்று, பாவம் அந்தப் பெண்கள் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் ஓடினார்கள். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்காராமல் நின்றபடியே சொன்னாள். 'வேலை போயது போட்டே. அது போயி. ஆனா பதினாலு கொல்லம், பதினாலு வருஷம் நான் அந்த மனுஷனைச் சபிச்சிருக்கேன்டி. ஆறு கொல்லம் முன்னாடி சார் செத்தப்ப நீ போன் செஞ்சு அழுதல்ல? நான் என்ன சொன்னேன்? எனக்கு லீவு இல்லன்னு சொன்னேன். லீவு இருந்துச்சு. போகத் தோணல. கடைசியா அவர் முகத்தைக்கூட நான் பாக்கல. அது உனக்குத் தெரியுமோ?'

எனக்குத் தெரியாது. நான் ஒருத்தியின் வேலையைத்தான் எடுத்தேன் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். டிராயரில் ஒரு தாளை வைத்து மூடினால் எவ்வளவு உள்ளே மாட்டிக்கொள்ளும் என்று மூடுகிறவளுக்குத் தெரியாது. அவள் 'பொய்க்கோ' என்றாள். போய்விடு என்று அர்த்தம். வந்துவிட்டேன். பஸ்ஸில் அரூர் பாலம் வரை எதையும் பார்த்த நினைவில்லை.

நேற்று வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆபீஸ் வாசலில் ஒரு சத்தம். 'அவளை வரச் சொல்லு வெளியே.' அந்த உயரத்தை யாரும் மறைக்க முடியாது, வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நின்றிருந்தாள். கையில் ஒரு கட்டு மெழுகுவர்த்தி. 'வா' என்றாள், அவ்வளவுதான். சர்ச்சுக்குப் பின்னால் சாரின் கல்லறைக்குப் போனோம். மழை ஓய்ந்து கல் ஈரமாக இருந்தது. அவள் மெழுகுவர்த்தி ஏற்றினாள், காற்றில் அணைந்தது, மறுபடி ஏற்றினாள், என் குடையைப் பிடுங்கி மறைத்துக்கொண்டாள். பிறகு களத்தில் பேசுகிற சத்தத்தில் அவரிடம் சொன்னாள்: 'சாரே, க்ஷமிக்கணும். இவளாணு கள்ளி. நான் இப்பதான் அறிஞ்சேன். இவளை என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க.' கொஞ்சம் காத்திருந்தாள், உண்மையிலேயே பதில் வரும் என்பது போல. அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். 'ஒண்ணும் பறயுன்னில்ல, பேச மாட்டேங்கிறார். எப்பவும் போல உன் பக்கம்தான் அந்த ஆள்' என்றாள். எனக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் அந்த ஈரக் கல்லுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றோம். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் ஜெட்டிப் பக்கம் திரும்பி வரும்போது, பழைய மாதிரி என் தோளில் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் நடந்தாள்.

உன் விஷயத்தையும் சொன்னேன். செல்வியின் கதையை முழுக்கக் கேட்டாள். 'குழந்தைக்கு எத்தனாம் மாசம்?' என்றாள். ஐந்து என்றேன். 'இன்னும் ரெண்டு மாசம் கழிஞ்சா பறக்கும் அவ. உன் மோனுடெ மேனேஜருக்குப் பயம் வந்தது நியாயம்தான்' என்று சிரித்தாள்.

மேனேஜர் கோபப்படுவார், சரவணா. உன் வேலைக்கே கேடு வரலாம், வராமலும் போகலாம். அதை நினைத்து நான் பயப்படவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். ஆனாலும் அவருக்குத் தெரியாமல் கொடுக்காதே. திருட்டுத்தனமாகச் செய்கிற நல்லதும் டிராயர் வேலைதான். நேராகப் போய்ச் சொல்: 'சார், ஆறு பேருக்கும் இன்னைக்குக் குடுக்கப் போறேன்.' அவள் வந்து உங்களை அடித்தால் அடிக்கட்டும். அடி வாங்காத மாதிரி ஒரு அணியைக் கட்டத்தானே உன்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். பட்டியலைச் சுவரில் ஒட்டுவதற்கு முன்னால் ஆறு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு நீயே சொல். உட்கார வைத்துச் சொல். செல்வி குழந்தையோடு வந்தால் முதலில் மின்விசிறியைப் போடு.

போனிலேயே சொல்லியிருக்கலாம். 'குடுத்துடு' என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அம்மா சொன்னாள் என்பதற்காகச் செய்திருப்பாய். அடுத்த ஜூனில் வேறொரு செல்வி வருவாள், அப்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இந்தக் கூரியர் திங்கட்கிழமை உன் கையில் இருக்கும் என்றார்கள். செவ்வாய்க்கிழமை முப்பதாம் தேதி. திங்கட்கிழமை மாலை வரை வரவில்லை என்றால் போன் செய்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவேன், அது வேறு விஷயம். என் சுபாவம் உனக்குத் தெரியும்.

இந்தக் கவருக்குள் இன்னொரு தாள் இருக்கும். பழுத்தது, கவனமாகப் பிரி. நேற்று ரோசிலி பஸ் ஏறுவதற்கு முன்னால் தன் பையில் இருந்து எடுத்து என்னிடம் தந்தாள். 'எனக்கு இது எதுக்கு? மோனுக்கு அனுப்பு' என்றாள். 'அவன் டிராயர்ல வெக்கட்டும். வேற யாருடெ தாளும் அதுல வெக்கண்டான்னு சொல்லு.'

படித்து முடித்ததும் எனக்குப் பதில் எழுதிக்கொண்டு உட்காராதே. முதலில் டிராயரைத் திற.

அம்மா